தலைக்கட்டும் ஒரு கையெழுத்தும்

கேட்கப்பட்டது இது: ‘ஆஸ் பெஸ்தாஸ்’ என்ற ஸ்பானியப் படத்தைப் பார்த்தேன். நகரத்திலிருந்து வந்த படித்த நல்லவர், அவரைக் கொல்லும் கிராமத்துக் காட்டுமிராண்டிகள் என்ற பழைய கதைதானே? காற்றாலை வந்து இறங்கிய திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் படம் எப்படித் தெரிகிறது?

படத்தின் முடிவு வரை பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டே கால் மணி நேரம்தான். நான் சினிமாக்காரன் இல்லை. வள்ளியூர் வட்டாரத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு முன்னால் என் அப்பா எழுதினார். பணகுடி, பழவூர், ராதாபுரம் பக்கத்துச் செவல் காடுகள் காற்றாடிக்காகக் கைமாறிய காலத்துப் பத்திரங்களில் கொஞ்சம் எங்கள் வீட்டு மேசையில் எழுதப்பட்டவை. அதனால் இந்தப் படத்தைப் பார்த்தபோது யார் நல்லவன் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருடைய கையெழுத்து தேவை, ஏன் தேவை என்றுதான் முதலில் தோன்றியது. தொழில் புத்தி.

கதை நடப்பது கலீசியாவில். ஸ்பெயினின் வடமேற்கு மூலை. மழை ஓயாத மலைநாடு. கருங்கல் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும் ஊர். அந்துவான், ஓல்கா என்ற பிரெஞ்சுத் தம்பதி அங்கே வந்து குடியேறி, காய்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்கிறார்கள். இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் செப்பனிடுகிறார்கள், யாராவது திரும்பிக் குடிவரட்டும் என்று. பக்கத்து வீட்டில் ஷான், லொரென்ஸோ என்ற சகோதரர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், வயதான தாயும் மாடுகளும் உண்டு. நார்வே நாட்டுக் காற்றாலை நிறுவனம் ஒன்று ஊருக்குப் பணம் தர முன்வருகிறது. அந்துவான் சம்மதிக்க மறுக்கிறார். அங்கிருந்து முறுக்கேறுகிறது. ரொட்ரிகோ சொரொகோயன் இயக்கிய படம். 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு ஸ்பெயினின் கோயா விருதுகளில் ஒன்பதை வாங்கியது. ஷானாக நடித்த லூயிஸ் ஸஹேராவுக்கும் ஒன்று கிடைத்தது. அவருக்கு மட்டும் இரண்டு கொடுத்திருக்கலாம்.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். படம் விளக்காமல் விடும் சங்கதி ஒன்று இருக்கிறது. அது தெரியாவிட்டால் நீங்கள் சொன்ன ‘பழைய கதை’ மாதிரிதான் தெரியும்.

கலீசியாவின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஊரார் பொதுவில் வைத்திருக்கும் மலைக்காடு. அரசு நிலம் இல்லை, நம் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரியும் இல்லை. ஊர்க்காரர்களின் கூட்டுச் சொத்து. சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் அதைப் பிடுங்கிப் பைன் மரங்களாக நட்டுத் தள்ளினார்கள். 1968இல் வந்த சட்டம்தான் அது ஊராருடையது என்று மறுபடி ஒப்புக்கொண்டது. அதை விற்க முடியாது, பங்கு பிரிக்க முடியாது, கடனுக்கு ஜப்தி செய்யவும் முடியாது. பங்காளி யார் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த ஊரில் வீடு திறந்திருக்க வேண்டும், கூரையில் புகை வர வேண்டும். அதாவது அடுப்பு எரிய வேண்டும். ஏழு தலைமுறையாக இருந்தவனும் ஊரைவிட்டுப் போனால் பங்கு போய்விடும். நேற்று வந்தவன் குடியிருந்தால் அவனுக்கும் பங்கு உண்டு, வாக்கும் உண்டு.

படத்துக்கு வேராக இருந்த உண்மைச் சம்பவம் இதே முடிச்சில் நடந்ததுதான். கலீசியாவின் ஒரென்ஸே மாகாணத்தில், ஆள் அரவமற்றுப் போயிருந்த மலையூர் ஒன்றில், ஒரு டச்சுத் தம்பதி குடியேறினார்கள். அங்கே மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு குடும்பம். பொதுக்காட்டு வருமானத்தில் வந்தவர்களுக்குப் பங்கு உண்டா என்று தகராறு. 2010 ஜனவரியில் அந்தக் கணவர் காணாமல் போனார். 2014இல்தான் எலும்புகள் கிடைத்தன.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். இங்கே கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி உண்டு. அம்மன் கொடை நாள் குறித்ததும் வரி நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பம்பாயில் தாராவியில் முப்பது வருடமாக இருப்பவர் பணவிடை அனுப்பியாவது வரி கட்டிவிடுவார். வருடத்தில் மூன்று நாள்தான் ஊரில் கால் வைப்பார். ஆனாலும் அவர் ஊர்க்காரர். பக்கத்திலேயே நிலம் வாங்கி, வீடு கட்டி, முன்னூற்று அறுபத்தைந்து நாளும் இருப்பவரிடம் வரி கேட்க மாட்டார்கள். கேட்காமல் விடுவதுதான் செய்தி. இந்த வரி பல ஊர்களில் ஒரே சாதிக்குள் அடங்கிய கணக்கு என்பதையும் மறைப்பதற்கில்லை. தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே இருந்தும் அந்த நோட்டில் ஒரு வரி ஏறாதவர்கள் இங்கே உண்டு. அவர்கள் யாரும் வந்தவர்கள் இல்லை.

ஆக, இரண்டு ஊர்க் கணக்கும் தலைகீழ். அங்கே சட்டம் அடுப்பைப் பார்க்கிறது, நெஞ்சு பிறப்பைப் பார்க்கிறது. ஷானின் கோபம் அந்த இடுக்கில் பிறந்தது. இங்கே பிறந்து, இங்கே சாணி அள்ளி, இங்கே கிழடாகப் போகிற எனக்கு ஒரு வாக்கு; நேற்று வந்த பிரெஞ்சுக்காரனுக்கும் அதே ஒரு வாக்கா? ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அந்துவானை ஷான் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘பிரெஞ்சுக்காரன்’ என்றே கூப்பிடுவதைக் கவனித்தீர்களா? எங்கள் வட்டாரத்தில் நாற்பது வருடம் முன்பு மளிகைக் கடை போட வந்தவரின் பேரனை இன்றைக்கும் அவர்கள் வந்த ஊரின் பெயரால்தான் சொல்கிறார்கள். யாரும் பகையாகச் சொல்லவில்லை, பழக்கம். பகை வரும்போது அதே சொல்லுக்கு முள் முளைத்துவிடும்.

காற்றாலை விஷயத்தில் நம் கதை வேறு மாதிரிப் போனது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் பீறிட்டு வருகிறது. பொட்டல் காடு என்று யாரும் சீண்டாமல் கிடந்த நிலத்துக்கு அந்தக் காற்றால் விலை வந்தது. காற்றாடி நிறுவினால் முதல் வருடமே அதன் விலை முழுவதையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை 1990களில் இருந்தது. பிறகு அது 80 சதவீதமானது, 2017இல் 40 ஆனது. மின்சாரத்தைவிட அந்தக் கணக்குக்காகவே வந்தவர்கள் பலர். கோயம்புத்தூர் நூற்பாலைக்காரர்கள் தங்கள் ஆலைக்கு மின்சாரம் எடுக்க இங்கே காற்றாடி வைத்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பாடத்தில் படித்த கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையமே இருக்கிறது.

இவ்வளவு நடந்தும், படத்தில் வருவது போல ஊர் கூடி ஆம் இல்லை என்று சொல்லும் காட்சி இங்கே அநேகமாக நடக்கவில்லை. நடக்கத் தேவையே இல்லாதபடி வேலை செய்தார்கள். இங்கே நிலம் தனிப்பட்டா, அல்லது கூட்டுப்பட்டா. கம்பெனிக்காரர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. வருபவர் ஒரு தரகர், அதுவும் நமக்குத் தெரிந்த தரகர்; சித்தப்பா மகனாகக்கூட இருப்பார். தாத்தா பெயரில் கிடக்கும் சர்வே எண்ணுக்கு வாரிசு யார் யார் என்று பிடித்து, பம்பாயில் இருக்கும் அத்தையிடம் ஒரு பவர் பத்திரம் வாங்கி, சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணிடம் ஒரு கைநாட்டு வாங்கி, மெதுவாகச் சேர்ப்பார். விற்றவருக்கும் கடைசியில் வாங்கியவருக்கும் நடுவே சில சமயம் மூன்று பேர் நின்றிருப்பார்கள். முதல் பத்திரத்தின் விலையையும் கடைசிப் பத்திரத்தின் விலையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவன் நான் என்பதால் சொல்கிறேன்: அங்கே ஒரு அந்துவான் இருந்து ‘கொஞ்சம் பொறுங்கள், இந்த விலை போதாது’ என்று சொல்லியிருந்தால் பல பேர் அவரைக் கும்பிட்டிருப்பார்கள். அல்லது அடித்திருப்பார்கள். இரண்டுக்கும் வாய்ப்பு இருந்தது. விற்றவர்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு, தங்கள் தாத்தா உளுந்து விதைத்த அதே இடத்தில் காற்றாடிக்குக் காவல் இருக்கும் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

படத்தில் எனக்குள்ள பெரிய குறையும் இந்த இடத்தில்தான். நார்வேக்காரர்கள் பேச்சில் மட்டும் வருகிறார்கள். ஊரை இரண்டாக்கிய பணம் யாருடையது, ஏன் அவ்வளவு, ஏன் இப்போது என்ற கேள்விகளைப் படம் தொடவே இல்லை. இரண்டு ஏழைகளை மோதவிட்டுப் போனவன் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறான். நிஜத்திலும் அப்படித்தானே நிற்கிறான் என்று என் மகள் வாதாடினாள். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இனி, நீங்கள் ‘காட்டுமிராண்டி’ என்றீர்களே, அதற்கு. ஊர் மதுக்கடையில் அந்துவானும் சகோதரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசும் நீளமான காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். கேமரா ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. வெட்டு இல்லை, இசை இல்லை. ஷான் மிரட்டுவான் என்று நாம் காத்திருக்கிறோம்; அவன் கணக்குச் சொல்கிறான். எங்களை எந்தப் பெண்ணும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, எங்கள் மேல் மாட்டு வாடை, இந்தப் பணம் வந்தால் நாங்கள் இந்த இடத்தைவிட்டுப் போய்விடலாம் என்று. அதைக் கேட்கும்போது, ஒரு கல்யாண வயது தாண்டிய தம்பியும் பனையேற்றை விட்டுவிட்ட அண்ணனும் என் மேசை முன் உட்கார்ந்து, ‘பத்திரம் என்றைக்குப் பதியும்’ என்று நான்காவது முறையாகக் கேட்ட நாள் நினைவுக்கு வந்தது. அண்ணன்காரர் ஒவ்வொரு முறையும் துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார், தன் வேட்டி அழுக்கு அதில் பட்டுவிடக் கூடாது என்று.

அந்தக் காட்சியில் விசித்திரம் என்னவென்றால், ஊரை நேசிக்கிறவன் வந்தவன். ஊரை வெறுக்கிறவன் பிறந்தவன். அந்துவானுக்கு அது தேடிக் கண்டெடுத்த வீடு. ஷானுக்கு அது தப்பிக்க முடியாத இடம். கலீசியாக்காரர்கள் நம்மைப் போலவே பிழைக்கப் போன கூட்டம். அர்ஜென்டினாவில் ஸ்பெயின்காரர் எவரையும் ‘கலீசியாக்காரன்’ என்றே கூப்பிடும் அளவுக்கு அங்கே போய் இறங்கியவர்கள். நம் ஆட்கள் கொழும்புக்கும் பம்பாய்க்கும் போனது போல. போனவர்களைப் பற்றிப் பாட்டு உண்டு, கதை உண்டு. போக முடியாமல் கிடந்தவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஷான் அந்த மிச்சம். அதற்காக அவன் செய்ததை நியாயம் என்று சொல்ல வரவில்லை. கிணற்றில் பழைய பேட்டரிகளைப் போட்டு ஈயம் கலக்க வைத்து, அந்த வருடத்துத் தக்காளி முழுவதையும் நாசமாக்குகிறார்கள். சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. எந்தக் கணக்கும் அதைக் கழுவாது.

அந்துவானும் ஒரு தப்புச் செய்கிறார். சண்டை தொடங்கியதும் சிறிய வீடியோ கேமராவை ஒளித்து வைத்து அவர்களைப் படம் பிடிக்கத் தொடங்குகிறார். போலீஸ் கண்டுகொள்ளாதபோது சாட்சிக்கு அவர் வேறு என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கையில் கேமரா வந்த நாளிலிருந்து சண்டை வேலியைப் பற்றியதாக இருக்காது, மானத்தைப் பற்றியதாகிவிடும். இப்போது எல்லார் கையிலும் செல்பேசி இருப்பதால் பாதைத் தகராறு ஒவ்வொன்றும் இப்படித்தான் முற்றுகிறது. முன்பெல்லாம் கெட்ட வார்த்தை காற்றோடு போகும்.

படத்தின் தொடக்கத்தில் குதிரையை மல்லுக்கட்டி அடக்கும் காட்சியை ஜல்லிக்கட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கலீசியாவில் சபுசேதோ என்ற ஊரில் வருடம்தோறும் ஜூலையில் நடக்கும் வழக்கம் அது. மலையில் திரியும் குதிரைகளை ஓட்டிவந்து, கயிறும் கம்பும் இல்லாமல் இரண்டு மூன்று பேர் கழுத்தையும் தலையையும் வாலையும் கட்டிப்பிடித்து நிறுத்தி, பிடரி மயிரை வெட்டி, பூச்சி மருந்து கொடுத்து விட்டுவிடுவார்கள். படம் அதை மெதுவான ஓட்டத்தில், பயமாகவும் கொஞ்சம் அன்பாகவும் காட்டுகிறது. பிறகு காட்டுக்குள் சகோதரர்கள் அந்துவானைக் கட்டிப்பிடித்து மூச்சை அடக்கும்போது, அதே பிடி. இயக்குநர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. எனக்கு அங்கே வயிறு கலங்கிவிட்டது.

பலர் அந்தக் கொலையோடு படம் முடிந்துவிட்டதாக நினைத்து, மிச்சத்தை இழுவை என்கிறார்கள். எனக்கு அந்த மிச்சம்தான் படம். ஓல்கா போகவில்லை. மகள் பிரான்சிலிருந்து வந்து, சமையலறையில் நின்று, ‘உனக்குப் பைத்தியமா’ என்கிற அளவுக்குச் சண்டை போடுகிறாள். ஓல்கா ஆடு வாங்குகிறாள், சந்தைக்குப் போகிறாள், வரைபடத்தில் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நாள்தோறும் பிணத்தைத் தேடுகிறாள். கொன்றவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஓட்டுகிறார்கள். பழிவாங்குவாள் என்று நம் சினிமாப் பழக்கத்தில் காத்திருக்கிறோம். கடைசியில் அவள் சகோதரர்களின் தாயிடம் போய், உங்கள் பிள்ளைகள் சிறைக்குப் போவார்கள், நீங்கள் தனியாக ஆவீர்கள், நானும் தனிதான், தேவைப்பட்டால் பக்கத்தில் இருக்கிறேன் என்கிற பொருளில் பேசுகிறாள். அவள் ஏன் போகவில்லை என்பதற்குப் படம் காரணம் சொல்வதில்லை. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவள் போனால் அந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். அதற்காகத்தான் அவரைக் கொன்றார்கள்.

நம் பக்கத்தில் கொலை வரை போகாமல் நின்ற ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராதாபுரம் பக்கத்தில் ஆறு ஏக்கர் வாங்கினார். பனையும் உடைமரமும் நின்ற காடு. ரசாயனம் இல்லாத விவசாயம் செய்ய வேண்டும் என்று ஆசை. நல்ல மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். வந்த உடனே சுற்றிக் கல் நட்டு முள்கம்பி வேலி போட்டார். அந்தக் காட்டின் குறுக்கேதான் ஊர் ஆடுகள் குளத்துக்குத் தண்ணீருக்குப் போகும். வேலி போட்ட மாதமே மோட்டார் அறைப் பூட்டின் சாவித்துளையில் யாரோ எம்-சீல் என்ற, கல்லாக இறுகும் பசையைத் திணித்துவிட்டார்கள். பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட்டார். அதிலும் எம்-சீல். மூன்றாவது பூட்டுக்குப் பிறகு மோட்டார் ஒயரை வெட்டிவிட்டார்கள்.

எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். விரித்து, விரலால் நான்கு எல்லையையும் காட்டி, இதில் எங்கே பாதை இருக்கிறது என்று கேட்டார். இல்லை. வரைபடத்தில் பாதை இல்லை. நான் எழுதிய கிரயப் பத்திரத்திலும் இல்லை. விற்றவருக்கும் எனக்கும் அது பாதை என்று தெரியும். ஆனால் எழுதும் வழக்கம் இல்லை. சட்டப்படி நீங்கள் சொல்வது சரி, வேலியில் தெற்கோரம் பத்தடி விட்டுவிடுங்கள் என்றேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். கிளம்பும்போது, ‘அண்ணாச்சி, இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே’ என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்தடி விட்டார். ஆடுகள் போயின. அதற்குப் பிறகு பூட்டில் கை வைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அம்மன் கொடைக்கு நோட்டோடு அவர் வீட்டுக்கும் போனார்கள். சந்தோஷத்தில் ஐயாயிரம் எழுதினார்; வில்லுப்பாட்டு நடந்த இரவு முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மறுநாள் என் கடைக்கு வந்து, ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டது என்றார்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் தலைக்கட்டு வரி, ஆளுக்கு ஐந்நூறு. அவர் பெயர் பின்பக்கம், நன்கொடை என்ற தலைப்பின் கீழே இருந்தது, லாரி செட்டுக்கும் அரிசிக் கடைக்கும் நடுவில். நான் அவரிடம் சொல்லவில்லை.